நீலத் தொப்பிக்காரருக்குக் கைதட்டல்

ஷிரஹாசே, அக்டோபர் 6

தம்பி மசனோரிக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். இந்த முறை விட்டுவிடுகிறேன். மலையில் இலை சிவந்துவிட்டதா என்று நான் பார்க்கவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஆஸ்பத்திரி நடையில் உன்னை வெளியே போகச் சொன்னேன். இனி என் வீட்டுப் படி ஏறாதே என்றும் சொன்னேன். அதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. தொலைபேசியில் பேசினால் கத்திவிடுவேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

உன் அத்தானுக்கு இடுப்பில் உலோகம் வைத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை.

எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். தவறிருந்தால் சொல். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அலுவலகத்தின் பயிற்சி. மறதி நோயால் வழி தவறியவர் போல ஒருவர் நீலத் தொப்பியோடு நகரத்தில் நடப்பார்; ஊரார் அவரைக் கண்டால் முன்பக்கமாகப் போய், பதறாமல், அன்பாகப் பேசிப் பழக வேண்டும். துண்டறிக்கை எங்கள் வீட்டுக்கும் வந்தது. உன் அத்தான் தமோத்சு வழக்கம்போல் காலை நடைக்குக் கிளம்பினார். தலையில் அவருடைய பஸ் கம்பெனித் தொப்பி. அதுவும் நீலம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் வேறு தொப்பி போட்டதில்லை என்பது உனக்குத் தெரியும்.

மதியம் நான் வீடு திரும்பும்போது டோஃபு கடை எகாஷிரா அம்மாள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில், மறதி நோயாளிகளுக்கு உதவக் கற்றவர்களுக்கு உன் அலுவலகம் கொடுக்கும் ஆரஞ்சு வளையம்.

"டீச்சரம்மா, உங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு திறமையா? டிப்போ எங்கன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. என்னமா நடிக்கிறாரு. நாங்க எல்லாரும் கை தட்டினோம்."

கை தட்டினார்கள். பிறகு அவரைப் போகவிட்டார்கள், அடுத்த தெருக்காரர்களும் பேசிப் பழக வேண்டுமே என்று.

பள்ளியில் நிலநடுக்கப் பயிற்சி நடத்துவோம், ஞாபகம் இருக்கிறதா? மணி அடித்ததும் மேசைக்கடியில் நுழைய வேண்டும். ஒரு நாள் உண்மையாகவே ஆடியது. என் வகுப்புப் பிள்ளைகள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கத்தியும் அசையவில்லை. பிறகு கேட்டதற்கு, மணி அடிக்கவில்லையே டீச்சர் என்றார்கள். அவர்கள் பழகியிருந்தது மணிக்கு.

உன் ஊரும் அப்படித்தான். மதியத்துக்குமேல் நான் போலீசில் சொல்லி, ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தபோது, பயிற்சி இன்னும் முடியலையா என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் விடிந்தபின் மீன் பிடிக்க வந்த ஒருவர்தான் துறைமுகப் படிக்கட்டில் விழுந்து கிடந்த அவரைப் பார்த்தார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கண் விழித்ததும் அவர் சொன்னார்: "வேலை முடிஞ்சுதுன்னு மசனோரி சொன்னான்." மறுபடி மறுபடி அதையே சொல்கிறார். நீ அவரை எங்கே பார்த்தாய்? பார்த்தும் விட்டுவிட்டாயா?

இதற்கு மட்டும் பதில் எழுது.

ஹிசாயோ


அக்டோபர் 13

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இலையுதிர்காலம் முற்றிவரும் இவ்வேளையில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தானுக்கு நேர்ந்தது குறித்து முதியோர் நலப் பிரிவின் தலைவன் என்ற முறையிலும், தங்கள் தம்பி என்ற முறையிலும் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறேன். அன்று நான் அவரைப் பார்க்கவில்லை. காலை முதல் நகராட்சிக் கட்டடத்தை விட்டு நான் வெளியே வரவே இல்லை.

நடந்ததை விசாரித்தேன். நடிக்க வேண்டியவர் நாடகக் குழுவைச் சேர்ந்த நோகாமி என்பவர். வயிற்றுவலி என்று பாதி வழியில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். அதை எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. அதே வழியில் அதே நிறத் தொப்பியோடு அத்தான் வந்தது எதிர்பாராத தற்செயல். பேசி முடித்ததும் நடிப்பவருக்கு, வேலை முடித்தவரிடம் சொல்லும் நன்றிச் சொல்லான "ஒத்சுகரேசாமா" சொல்லி, கை தட்டி, அனுப்பிவைக்க வேண்டும் என்பது விதி. ஊரார் விதிப்படிதான் செய்திருக்கிறார்கள். எல்லோரும் நல்ல மனத்தோடு செய்தது. அவர்கள் மேல் குற்றம் காண்பது கடினம்.

என் பெயரை அத்தான் ஏன் சொல்கிறார் என்று தெரியவில்லை. பயிற்சி முடிந்ததும் நகரத்து ஒலிபெருக்கிகளில் நன்றி அறிவித்தது நான்தான். "இன்றைய பணி நிறைவுற்றது, அனைவருக்கும் ஒத்சுகரேசாமா" என்று சொன்னேன். அதைக் கேட்டிருக்கலாம்.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். குன்றின் மேலுள்ள இல்லத்தில் டிசம்பரில் ஓர் அறை காலியாகிறது. வரிசையில் நிறையப் பேர் இருந்தாலும் என்னால் பேச முடியும். கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும், ஆகவே பாதுகாப்பு.

இன்னொரு வேண்டுகோள். பத்திரிகைக்காரர்கள் யாரேனும் வந்தால் தாங்கள் பொறுமை காக்க வேண்டும். அடுத்த மாதம் நம் பயிற்சியைப் பற்றி அறிய மூன்று நகரங்களிலிருந்து குழுக்கள் வருகின்றன.

மசனோரி


அக்டோபர் 19

மசனோரி,

என்னை "தாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். உன் மூக்கைத் துடைத்துவிட்டவளைத் தாங்கள் என்று எழுத உனக்குக் கை வந்திருக்கிறது.

கட்டுரைகளில் "அருவருப்பு" என்று எழுதும் பிள்ளைகளிடம், இது மிகை, வேறு சொல் தேடு என்று சிவப்பு மையில் எழுதுவேன். இன்று நானும் தேடிப் பார்த்தேன். வேறு சொல் இல்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் அவர் கைகளுக்கு உறை மாட்டியிருக்கிறார்கள், ஊசியைப் பிடுங்காமல் இருக்க. கட்டைவிரல் தனியாக, மற்ற நான்கும் ஒன்றாக. பஸ்ஸின் அவ்வளவு பெரிய சக்கரத்தைத் திருப்பிய கை. இடுப்பில் பட்டை. செவிலிப் பெண் "தமோத்சு குட்டி, ஆ காட்டுங்க" என்கிறாள். அவள் கையிலும் ஆரஞ்சு வளையம். அவர் வாயைத் திறக்காமல் என்னைப் பார்க்கிறார்.

"இந்தப் பொண்ணு யார்கிட்டப் பேசுது?" என்று கேட்டார்.

உன் கேள்விக்கு, அதாவது அவர் ஏன் உன் பெயரைச் சொல்கிறார் என்பதற்கு, பதில் கிடைத்துவிட்டது. உறையைக் கழற்றி, கையைத் தடவிக்கொண்டே கேட்டேன். நிதானமாகச் சொன்னார்.

"எல்லாரும் ஒத்சுகரேசாமான்னாங்க. அதுக்கப்புறம் மேலேருந்து மசனோரியும் சொன்னான். நான் இன்னும் சாவி குடுக்கலையே. குடுக்காம எப்படி முடியும்? டிப்போவுக்குப் போனேன். டிப்போவ யாரோ எடுத்துட்டாங்க."

புரிகிறதா தம்பி? அந்த ஆள் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டினார். கடைசி நடை முடித்து, டிப்போ ஜன்னலில் சாவியைக் கொடுப்பார், குமாஸ்தா வாங்கிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்வார், அப்புறம்தான் வீடு. சாவியைக் கொடுக்கும் முன்பே ஊர் முழுக்க அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? விதிப்படி நடந்தது உன் ஊரார் மட்டுமல்ல. அவரும்தான்.

இன்று நகராட்சியின் மாத இதழ், நகர மடல் வந்தது. மூன்றாம் பக்கத்தில் அவர் படம். எகாஷிரா அம்மாள் ஒரு பக்கம், வட்டாரத் தலைவர் ஒரு பக்கம், நடுவில் இவர் கூச்சத்தோடு சிரிக்கிறார். கீழே "உயிரோட்டமான நடிப்பால் பயிற்சிக்கு வலுச்சேர்த்தவர்" என்று போட்டிருக்கிறது. அதற்கு மேலே உங்கள் வாசகம், "தொலைந்தாலும் நம் ஊரில்தான்." அந்தப் படம் எடுத்த நேரத்தில் அவர் தொலைந்துகொண்டிருந்தார். படித்துவிட்டு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மிகையில்லை.

எகாஷிரா அம்மாள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இவருக்கு நோய் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் ஏன் போயிற்று? பிரிவுத் தலைவர் பதவி வருகிற நேரம், குடும்பத்தில் இப்படி ஒருவர் என்று பேச்சு வேண்டாம் அக்கா என்று என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, என் கடுகுக்கீரை ஊறுகாயைத் தின்றுகொண்டு சொன்னது யார்? மறதியை மறைக்காத ஊர் என்று மேடையில் பேசுகிறவனுடைய வாய்தான் அது.

நகர மடலில் திருத்தம் போடு. படத்தில் இருப்பவர் நடிகர் அல்ல, வழி தவறியவர், ஊர் அவரைக் கைதட்டி அனுப்பியது என்று போடு.

இல்லத்துக்கு அவரை அனுப்பமாட்டேன். வெளியிலிருந்து மட்டும் திறக்கிற கதவுக்கு உன் அகராதியில் பாதுகாப்பு என்று பெயர். அவர் மறுபடி நடப்பார். நான் கேட்பது அது ஒன்றுதான்: அவர் இந்த ஊரில் நடக்க வேண்டும்.

ஹிசாயோ


நவம்பர் 2

அக்கா,

திருத்தம் போட முடியாது. மேலே கேட்டேன். விடுமுறையை விட்டுட்டு வந்த ஜனங்களை அவமானப்படுத்தினா அடுத்த வருஷம் யார் வருவாங்கன்னு கேட்கிறாங்க. அதில் நியாயம் இல்லையா?

நீ எல்லாருக்கும் மார்க் போட்டே பழகிட்ட. மறதி வந்த நம்ம அம்மாவைப் பின்னறையில் வைத்துப் பூட்டினார்களே, விருந்தாளி வந்தால் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்களே, அதை நானும்தான் பார்த்தேன். அதனால்தான் இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கினேன். அன்று அம்மாவிடம் யாராவது முன்பக்கமாக வந்து பேசினார்களா? இன்று ஒரு ஊரே வந்து பேசுகிறது. குறை இருக்கும். இல்லாமல் இருக்குமா?

நீ கேட்காததை நான் கேட்கிறேன். அத்தான் வெளியே போனபோது நீ எங்கே இருந்தாய்? கதவை ஏன் பூட்டவில்லை?

மசனோரி


நவம்பர் 5

மசனோரி,

நான் எங்கே இருந்தேன் என்றா கேட்கிறாய்? வடக்கு வட்டாரக் கூடாரத்தில், உன் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பன்றி இறைச்சி சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். மகளிர் சங்கத்திலிருந்து ஆள் வேண்டும் என்று கேட்டு அனுப்பியது உன் அலுவலகம். கையெழுத்து உன்னுடையது.

கதவை ஏன் பூட்டவில்லை என்றால், அம்மாவின் கதவை நானும் பார்த்தவள். அதோடு, அன்று ஊர் முழுக்கக் கண்ணாக இருக்கும், இதைவிடப் பத்திரமான ஞாயிற்றுக்கிழமை வராது என்று நம்பினேன். உன் துண்டறிக்கையை நம்பினேன்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் அந்தச் சொல் நுழையக் கூடாது. நீயே எண்ணிப் பார், ஒரு நாளில் அதை எத்தனை பேர் எத்தனை பேரிடம் சொல்கிறார்கள் என்று. பார்சல் கொண்டுவருகிறவன் சொல்கிறான். தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். நேற்று வட்டாரச் சுற்றறிக்கையைக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார். உள்ளே இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். சட்டைப்பையைத் தடவுகிறார். சாவியைத் தேடுகிறார்.

செருப்பு வைக்கிற அலமாரியின் பழைய சாவியைக் கொடுத்தேன். வாங்கி, கைக்குட்டையில் பத்திரமாக மடித்துக்கட்டி, பையில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இதை யார்கிட்டக் குடுக்கணும்?"

நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தரவில்லை. நீ டிப்போக்காரி இல்லையே என்றார். எவ்வளவு சரியாகச் சொல்கிறார் பார்.

ஹிசாயோ


ஜனவரி 20

அக்கா,

புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பவில்லை. உனக்கு என்ன வாழ்த்து எழுதுவது என்று தெரியவில்லை.

மூன்று நகரங்களிலிருந்தும் வந்தார்கள். பாராட்டினார்கள். அதில் ஒருவர், போன முறை நடித்தவரைச் சந்திக்க முடியுமா என்று கேட்டார். உடல்நலம் சரியில்லை என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நீலத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு, டோஃபு கடையிலிருந்து துறைமுகம் வரை நடந்தேன். அத்தான் நடந்த வேகத்தில் நடந்தேன். பயிற்சி நாள் இல்லை அல்லவா, யாரும் என்னிடம் பேசவில்லை. ஸ்டேஷன் முன்னால் உட்காரலாம் என்று பார்த்தால் பெஞ்சு இல்லை. குடிகாரர்கள் படுக்கிறார்கள் என்று எடுத்துவிட்டோம். அந்தக் கோப்பில் நானும் முத்திரை வைத்திருக்கிறேன். பெரிய ரோட்டில் பாதி கடப்பதற்குள் விளக்கு மாறிவிட்டது. கார்க்காரன் கண்ணாடியை இறக்கி, "பெரிசு, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றான். அவன் கையில் ஆரஞ்சு வளையம் இருந்தது. கழிப்பறைக் கதவில் ஒரு வட்டமும் ஒரு முக்கோணமும் போட்டிருக்கிறது. அழகாக இருக்கட்டும் என்று வடிவமைத்தது. எது ஆணுக்கு என்று புரிய எனக்கே ஒரு நிமிடம் பிடித்தது. கடை வாசலில் கறுப்பு மிதியடி. மறதி நோயாளிக்கு அது பள்ளமாகத் தெரியும் என்று வருஷா வருஷம் மேடையில் சொல்கிறவன் நான். நகராட்சி வாசலிலும் அதே மிதியடிதான்.

டிப்போ இருந்த இடம் இப்போது பெரிய கடையின் வண்டி நிறுத்துமிடம். காவலாளி என்னை விரட்டினான். அதற்கு அந்தப் பக்கம் துறைமுகம். ஜன்னல் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்குமோ என்று நினைத்துத்தான் அத்தான் படிக்கட்டு வரை போயிருக்கிறார்.

திரும்பும்போது எகாஷிரா அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோயைப் பற்றியும் சொன்னேன், மறைக்கச் சொன்னவன் நான் என்பதையும். டோஃபு நீரில் கையை விட்டபடி நின்றாள்.

"அவர் கை ஐஸ் மாதிரி இருந்துச்சு தலைவரே. நடிக்கிறவர் கை இப்படி நடுங்குமான்னு தோணுச்சு. அதுக்குள்ள மத்தவங்க தட்டினாங்க. நானும் தட்டிட்டேன்."

கையிலிருந்து வளையத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். என் மேசையில் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

திருத்தத்தை நானே எழுதினேன். மேலே கேட்காமல் பிப்ரவரி மடலுக்குக் கொடுத்துவிட்டேன்.

மசனோரி


ஆகஸ்ட் 28

தம்பி,

பிப்ரவரி மடலைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், குப்பை சேகரிக்கும் நாட்களுக்குக் கீழே, சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆனாலும் நான் சொன்ன வார்த்தைகள் எல்லாமே இருந்தன. ஏப்ரலில் உன்னைக் கழிவுநீர்ப் பிரிவுக்கு மாற்றியதும் தெரியும். எழுதவில்லை. கோபம் தீர நேரமாகிறது எனக்கு. என் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள், டீச்சர் மெதுவாகத் திட்டுவார், மெதுவாக மறப்பார் என்று.

இன்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் இடத்துக்கு வந்திருக்கிற புதிய தலைவர் நேற்று வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி இனிப்பு. உங்கள் திருத்தத்தைப் படித்து நெகிழ்ந்துபோனேன் என்றார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். செப்டம்பர் பயிற்சியில் தமோத்சு ஐயாவே நடந்தால் எப்படி இருக்கும்? நடிகர்கள் செயற்கையாக இருக்கிறார்கள் என்று ஊரில் குறை சொல்கிறார்களாம். இவர் என்றால் இயல்பாக இருக்கும். நிழற்படக்காரரும் வருவார்.

இனிப்புப் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்து, குனிந்து வணங்கி, கதவைச் சாத்தினேன். சாத்தியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அந்த ஆள் படித்திருக்கிறார். படித்து, நெகிழ்ந்து, ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் வந்திருக்கிறார். இதற்கு நான் எந்த உதாரணம் சொல்லுவேன்? என்னிடம் உதாரணம் தீர்ந்துவிட்டது.

அத்தான் தடி ஊன்றி நடக்கிறார். காலையில் கடைத்தெரு வரை. எகாஷிரா அம்மாள் கடை முன்னால் ஒரு பழைய நாற்காலி போட்டிருக்கிறாள். அவர் வந்தால் "டிரைவரய்யா, உக்காருங்க" என்கிறாள். வேறு எதுவும் செய்வதில்லை, கேட்பதில்லை. வருஷம் முழுக்க இந்த ஊர் செய்ததில் எனக்குக் குமட்டாத ஒரே காரியம் அதுதான்.

ஆனால் பயிற்சி நாளன்று மறுபடி ஒலிபெருக்கி அந்தச் சொல்லைச் சொல்லும். அவர் மறுபடி டிப்போவுக்குப் போவார். நான் அவரைப் பூட்டமாட்டேன். இரண்டடி பின்னால் வருவேன். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் சாவியை நான் வாங்க முடியாது. நான் டிப்போக்காரி இல்லை.

உன் குரல் அவருக்குத் தெரியும். அன்று வேலை முடிந்தது என்று சொன்ன குரல் அது.

படி ஏறலாம் என்று இன்னும் சொல்லவில்லை. வண்டி நிறுத்துமிடத்துக்கு வா என்கிறேன்.

ஹிசாயோ


செப்டம்பர் 29

அக்கா,

நீ எல்லாவற்றையும் பின்னாலிருந்து பார்த்தாய். ஆனால் நீ நின்ற இடத்துக்குப் பேச்சு கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

கழிவுநீர்ப் பிரிவின் சீருடைச் சட்டையும் ஒரு மடக்கு நாற்காலியும் கொண்டுபோனேன். காவலாளியிடம் முன்பே சொல்லியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டான், தெரியாது என்றேன். சரி என்று ஒரு இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கிக் கொடுத்தான்.

மதியம் ஒலிபெருக்கி பேசியது. என் வார்த்தைகளை ஒன்றுகூட மாற்றாமல் புதியவர் படித்தார். கேட்கும்போது எனக்கு உடம்பு கூசியது. அப்படித்தான் நானும் பேசியிருக்கிறேன்.

அத்தான் வந்தார். கார்களுக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் நேரே வந்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்து சாவியை நீட்டினார். நான் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகு, சொல்ல வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

"ஒத்சுகரேசாமா."

அவர் தொப்பியைக் கழற்றினார். தலையைத் துடைத்துக்கொண்டார். "கிழக்கு வளைவுல ஒரு பெரியவர் ரோட்ல நின்னாரு. ஹாரன் அடிக்கல. இறங்கிப் போய்க் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். அதான் லேட்டு" என்றார்.

லேட்டாகலாம் அத்தான் என்றேன். அத்தான் என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. "புதுசா வந்திருக்கியா? மேல் பொத்தானைப் போடு" என்றார். போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண்கள், வளையம் போட்ட நால்வர், கடையிலிருந்து பையோடு வெளியே வந்தார்கள். நீலத் தொப்பியையும் சீருடையையும் பார்த்தார்கள். ஒருத்தி கை தட்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் தட்டினார்கள். நீ அங்கிருந்து ஓடி வருவது தெரிந்தது. நான் அவர்களைப் பார்த்தேன், அவ்வளவுதான். கை ஒவ்வொன்றாக நின்றது. யாரும் நகரவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்கு?" என்று அத்தான் என்னிடம் கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

பிறகு நீயும் சேர்ந்துகொண்டாய். மூன்று பேரும் பஸ் ஏறினோம். அவர் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். வளைவு வரும்போதெல்லாம் காலால் தரையை அழுத்தினார். கிழக்கு வளைவில் டிரைவர் கொஞ்சம் வேகமாகத் திருப்பியதும் என் பக்கம் சாய்ந்து, "இவனுக்கு இன்னும் பயிற்சி போதாது" என்றார்.

நீ சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

உன் வீட்டுப் படியின் கீழே நான் நின்றுவிட்டேன். நீ உள்ளே போனாய். கதவைச் சாத்தவில்லை. சாவி என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வண்டி நிறுத்துமிடத்தில் இருப்பேன். அவர் வராவிட்டாலும் இருப்பேன்.

மசனோரி